திங்கட்கிழமைகளில் சாகும் பேட்டரி

"பின்னாலயே வந்தாகூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்," என்றார் பல் டாக்டர். "நான் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே அங்க வந்து நிக்கறான்."

சொல்லிவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பின்னால் ஒரு தூணும் தண்ணீர்க் குழாயும் தவிர எதுவும் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளக் கார் நிறுத்தம் அது. காலை வெயில் சரிவுப்பாதையின் பாதிவரை வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே குழல்விளக்கின் வெளிச்சம்தான். அதில் டாக்டரின் முகம் இன்னும் வெளுத்துத் தெரிந்தது.

எதிரே நின்ற பெண்மணி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். பரீட்சையில் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கண்டுபிடிப்பதில் பாடம் நடத்துவதைவிட அதிக ருசி கண்டு, வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். இப்போதும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். பக்கத்தில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவன் அவருடைய உதவியாளன். அவனை ரேடியோ என்று கூப்பிடுவார்கள். அலைவரிசை மாறும், நிற்காது.

டாக்டர் தட்டுத்தடுமாறிக் கதையைச் சொல்லி முடித்தார். சில வாரங்களாகவே ஒரு சாம்பல் நிறக் கார். கறுப்புக் கண்ணாடி, உள்ளே யார் என்று தெரியாது. கண் ஆஸ்பத்திரிக்குப் போனால் எதிர்ச்சாரியில் நிற்கிறது. தோழி வீட்டுக்குப் போனால் தெருமுனையில் நிற்கிறது. யாரும் இறங்குவதில்லை. அவர் கிளம்பினால் அதுவும் கிளம்பிவிடும். தோழி வீட்டுக்குப் போகலாம் என்று அவர் முடிவு செய்ததே காரை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான். போனில் அம்மாவிடம் மட்டும் சொன்னார். போய்ச் சேர்ந்தால் அந்தக் கார் முன்பே வந்து நின்றிருக்கிறது. போலீசில் சொன்னதற்கு, அவன் ஏதாவது செய்தானா என்று கேட்டார்களாம். இல்லை என்றதும், செய்தால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இதற்கு மேல் கார் வேறு காலை வாரியது. வாரத்தின் மற்ற நாட்களில் ஏதோ முனகிக்கொண்டாவது கிளம்பிவிடும். திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் பிணம். மெக்கானிக் பேட்டரியை மாற்றினார். பிறகு, ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுகிற ஆல்டர்னேட்டரையும் மாற்றினார். அடுத்த திங்கட்கிழமையும் அதே கதை. கடைசியில் ஒரு சனி, ஞாயிறு முழுக்கத் தன் பட்டறையிலேயே வைத்துப் பார்த்தார். அங்கே திங்கட்கிழமை ஒரே திருப்பில் கிளம்பிற்று. வண்டிக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் மனசு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

"தனியா இருக்கறவ நான்," என்றார் டாக்டர். "ஓடித் தப்பிக்கணும்னு நினைக்கறப்ப ஓட வண்டி இருக்காது. அவன்தான் இங்க வந்து ஏதோ பண்ணிட்டுப் போறான். அவன் இறங்கி வந்த இடத்துலதான் நான் தினமும் வந்து நிக்கறேன்."

"திங்கட்கிழமை வேலைக்குப் போக எனக்கும்தான் பிடிக்காது," என்றான் ரேடியோ. "பேட்டரிய மட்டும் குறை சொன்னா எப்படி டீச்சர்?"

டாக்டர் சிரிக்கவில்லை. டீச்சர் ஏற்கெனவே முன்மூடியைத் தூக்கிவிட்டிருந்தார்.

தன் பழைய காரைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேட்டரிகளையும் தடித்த வயரால் இணைத்து, டாக்டரின் காரைக் கிளப்பினார். வயரைக் கழற்றிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் காரின் பேட்டரியில் மின்சாரம் அளக்கும் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார். பதினாலு வோல்ட்டைத் தாண்டி நின்றது எண். விளக்குகளைப் போடச் சொன்னார். அப்போதும் எண் இறங்கவில்லை.

"ஆல்டர்னேட்டர் மேல தப்பில்ல," என்றார். "ஓடறப்ப ஒழுங்கா ஊட்டுது. பேட்டரியும் புதுசு. அப்படின்னா வண்டி தூங்கறப்ப யாரோ குடிக்கறாங்க."

மெக்கானிக் பட்டறையில் கூரை உண்டா என்று கேட்டார். இல்லை, வெட்டவெளிதான், தார்ப்பாய்கூடக் கிடையாது என்றார் டாக்டர். டாக்டரின் மருத்துவமனை வாசலிலும் கார் வெயிலில்தான் நிற்குமாம். வெயிலில் நின்றால் ஒன்றும் ஆவதில்லை. இரவில் இங்கே நிற்கும்போது கொஞ்சம் வடிகிறது. சனி மாலையிலிருந்து திங்கள் காலைவரை இங்கேயே கிடந்தால் செத்தே போகிறது.

"இந்த இடத்துல அப்படி என்னதான் இருக்கு?" என்றார் டீச்சர்.

"என்ன இருக்குன்னு தெரியாது, டவர் இல்ல," என்றான் ரேடியோ, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "வந்ததுலேர்ந்து ஒரு கோடுகூட வரல. என் போன் சூடாயிடுச்சு, பேட்டரி பாதியாப் போச்சு."

டீச்சர் அவனையும் அவன் போனையும் மாறி மாறிப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை இணைத்தார். இனி காரில் ஒரு சொட்டு மின்சாரம் ஓடினாலும் மீட்டர் வழியாகத்தான் ஓடவேண்டும். கதவுகளைச் சாத்திவிட்டு மூவரும் காத்திருந்தார்கள். எண் இறங்கி இறங்கி, கடிகாரத்துக்கு மட்டும் போதுமான அளவுக்கு வந்து நின்றது.

யாரும் பேசவில்லை. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. டாக்டர் சரிவுப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேடியோவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. போன வாரம் தன் பல்லைப் பிடுங்கிய டாக்டர் தப்பான பல்லைப் பிடுங்கிவிட்டு, பரவாயில்லை அதுவும் ஒருநாள் வலிக்கும்தானே என்று சொன்ன கதையை ஆரம்பித்தான்.

மீட்டரில் எண் எகிறியது.

"நிறுத்து," என்றார் டீச்சர்.

நிறுத்தினான். சிறிது நேரத்தில் எண் மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கு வந்தது.

"பேசு."

"என்ன பேசறது?"

அந்த இரண்டு சொற்களுக்கே மறுபடி எகிறியது. ரேடியோ மீட்டரைப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடினான். பேச வேண்டாம் என்று அவனுக்கே தோன்றியது அவன் வாழ்க்கையில் அனேகமாக அதுதான் முதல் தடவை.

டாக்டர் இரண்டடி பின்னால் நகர்ந்து தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். அம்மாவிடம் பேசியதெல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. இந்தக் காருக்குள் உட்கார்ந்து அவர் அழுதிருக்கிறார். தூக்கம் வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். வீட்டு மாற்றுச்சாவியை எங்கே வைத்திருக்கிறேன் என்பதைக்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

"கேக்குது," என்றார் மெதுவாக. "வண்டி கேக்குது."

டீச்சர் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒவ்வொன்றுக்கும் ரேடியோ ஒரு வார்த்தை சொன்னான். உள்விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கியபோது அவன் என்ன சொல்லியும் எண் அசையவில்லை. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனதில், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கம்பளத்தைக் கிழித்து உள்ளே ஒட்டியிருந்த ஒரு கறுப்புப் பெட்டி கிடைத்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு மூலையில் ஊசித் துளை.

வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லும், பேச்சுச் சத்தம் கேட்டால் தானாக ஒருவனுக்குப் போன் போடும், அவன் எடுத்துக் கேட்டுக்கொள்வான் என்று விளக்கினார் டீச்சர். வெளியே இருந்தால் ஒரே தடவையில் வேலை முடிந்துவிடும், அதிகம் குடிக்காது. இங்கே டவர் இல்லை. மேல் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடினாலும், யாராவது நடந்துபோனாலும் போன் போடப் பார்க்கும். கிடைக்காது. விடிய விடியக் கத்திக்கொண்டே கிடக்கும்.

"ஆனா இங்க இருக்கறவரைக்கும் இது செவிடு," என்றார். "அதனால இங்கயே பேசி முடிச்சுடுவோம்."

"பிடுங்கி எறிங்க டீச்சர்," என்றார் டாக்டர். "அவன் எதுக்கு என்னையே..."

டீச்சர் டார்ச்சை வாங்கிக்கொண்டு மறுபடி இருக்கைக்கு அடியில் குனிந்தார். எழுந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"வண்டியில பாட்டுப்பெட்டி நீங்க போட்டதா?"

ஆமாம் என்றார் டாக்டர். இந்தக் காரைப் பழையதாக வாங்கிய அதே வாரத்தில் போட்டது.

"அதோட வயர் இந்தப் பெட்டிக்கு மேல போகுது. மேல வச்சு டேப் சுத்தியிருக்கு. பெட்டிய அப்புறம் வச்சிருந்தா அது வயருக்கு மேலதான் இருந்திருக்கும்." டீச்சர் நிமிர்ந்தார். "நீங்க வாங்கறதுக்கு முன்னாடியே இது இங்க இருந்திருக்கு. அவன் தேடறது உங்களை இல்ல, டாக்டர். வித்தவங்களை."

விற்றவள் ஒரு தையல்காரி. மருத்துவமனைக்கு வெள்ளை அங்கி தைத்துக் கொடுப்பவள். அவசரமாக விற்றாள். சாவியைக் கொடுத்த அன்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்ச சுபாவம் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். அதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று நிறுத்தினார்.

"சனிக்கிழமை சாயங்காலம்," என்றார்.

சனிக்கிழமை மாலை, வெளியே அதுவரை ஒருநாளும் மக்கர் செய்யாத கார் மருத்துவமனை வாசலில் கிளம்ப மறுத்திருக்கிறது. நடந்துபோன ஒருவர் நின்று, கையிலிருந்த, செத்த பேட்டரியைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பெட்டியை இணைத்துக் கிளப்பிக் கொடுத்தார். இந்த மாதத்தில் டாக்டரிடம் அன்பாகப் பேசிய ஒரே மனிதர் அவர்தான். நல்ல வண்டியாச்சே, யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டார்.

"தெருவுல நடந்து போறவன் கையில எதுக்கு ஸ்டார்ட்டர் பெட்டி?" என்றான் ரேடியோ. குரலில் விளையாட்டு இல்லை. "அவனே வண்டிய படுக்க வச்சிட்டு வந்து நின்னிருக்கான்."

"நான் சொல்லிட்டேன்," என்றார் டாக்டர். "நூலகத்துக்குப் பின்தெரு, தையல் கடைன்னு. கடை எதுன்னுகூடச் சொன்னேன்."

நேற்று ஞாயிறு, கடைக்கு விடுமுறை. இன்று காலை திறந்திருப்பார்கள்.

டாக்டர் படியேறி ஓடி, டவர் கிடைத்த இடத்தில் நின்று தையல்காரியை அழைத்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பின்னாலேயே ஏறிவந்த டீச்சர் ரேடியோவின் அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி போலீஸ் இன்ஸ்பெக்டர். வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டாலே வாக்குமூலம் எடுக்கிறவர் என்பான் ரேடியோ. விஷயத்தைக் கேட்டதும் அவர் வளவளக்கவில்லை. ஸ்டேஷன் பஸ் நிலையத்துக்கு எதிரில். அங்கிருந்து நூலகத்துக்கு வர ரயில்வே கேட்டைத் தாண்டவேண்டும், கேட் அடைத்திருக்கிறது. ஆள் அனுப்புகிறேன், நேரமாகும் என்றார்.

"நீங்க அவன்கிட்ட வர நேரமாகும்," என்றார் டீச்சர். "அவனே உங்ககிட்ட வந்தா?"

கீழே இறங்கி வந்தவர் பேட்டரி வயரையும் ஃபியூஸையும் திரும்பப் பொருத்தி, காரை மறுபடி கிளப்பினார். ரேடியோவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். பஸ் நிலையத்துக்குப் போ, வழியெல்லாம் பேசிக்கொண்டே போ, பின் இருக்கையில் தையல்காரி படுத்திருப்பதுபோலப் பேசு, பெட்டி டவரைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரமாகும், எக்காரணம் கொண்டும் இன்ஜினை அணைக்காதே என்றார்.

"அவங்க பதில் பேசலன்னா சந்தேகம் வராதா?"

"உன் பக்கத்துல யாருக்குப் பேச இடம் கிடைச்சிருக்கு?"

கார் சரிவுப்பாதையில் ஏறி வெயிலுக்குள் போயிற்று. டீச்சரும் டாக்டரும் மற்ற காரில் நூலகத்தை நோக்கிப் பறந்தார்கள்.

பின்தெரு குறுகலானது. ஒரு பக்கம் தையல் கடை. நேர் எதிரே முகக்கண்ணாடி அறுத்துச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை. காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு, நடந்துவந்து கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தார்கள். முதலாளி உள்ளே எதையோ அறுத்துக்கொண்டிருந்தார். சுவரெல்லாம் கண்ணாடி. ஒவ்வொன்றிலும் எதிர்க் கடையின் வாசல் தெரிந்தது.

ஒவ்வொன்றிலும் அவனும் தெரிந்தான். டாக்டர் டீச்சரின் முழங்கையைப் பிடித்தார். சனிக்கிழமை வந்த அதே மனிதன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. தையல் கடையின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவன் கத்தவில்லை, உதைக்கவில்லை. மோதிர விரலால் கதவுக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டுவான், நிறுத்துவான், தலையைச் சாய்த்துக் கேட்பான், மறுபடி தட்டுவான். வீட்டுக்கு வந்த விருந்தாளி போல அத்தனை பொறுமை. அந்தப் பொறுமைதான் டாக்டரை அதிகம் பயமுறுத்தியது.

கடைக்குள் வெட்டுமேஜைக்கு அடியில் ஒரு சேலைத் தலைப்பு தெரிந்தது. அது அசையவே இல்லை.

அவன் குனிந்து நடைபாதையிலிருந்து பெயர்ந்து கிடந்த ஒரு கல்லை எடுத்தான். கையில் எடை பார்த்தான்.

"ரேடியோ, பேசித் தொலை," என்று முணுமுணுத்தார் டீச்சர்.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது.

கல்லை இடது கைக்கு மாற்றிக்கொண்டு போனை எடுத்தான். ஹலோ என்று சொல்லவில்லை. காதில் வைத்து, கண்ணை லேசாக மூடிக் கேட்டான். இத்தனை வாரங்களாக இப்படித்தான் ஏதோ ஒரு தெருவில் நின்று தன் அழுகையை இவன் கேட்டிருக்கிறான் என்று டாக்டருக்கு உறைத்தது.

அவன் கல்லைக் கீழே வைத்தான். சிரித்தான். திரும்பித் தெருவைக் கடந்து நேராகக் கண்ணாடிக் கடையை நோக்கி வந்தான்.

டீச்சர் முதுகைக் காட்டி ஒரு சட்டத்தின் மேல் குனிந்துகொண்டார். டாக்டருக்கு நகர இடமில்லை. வாசலில் சாய்த்து வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடிக்குப் பின்னால் ஒடுங்கினார். அவன் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றான். இருவருக்கும் நடுவில் ஒரு பலகை கனம். பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினான். காலரைச் சரிசெய்துகொண்டான். போன் காதிலேயே இருந்தது. அதிலிருந்து ரேடியோவின் குரல் கொசு ரீங்காரம் போலக் கசிந்தது.

"தையல் கடை பின்வாசல்ல நம்மள யாரும் பார்க்கல, தலைய தூக்காதீங்கக்கா. இன்னும் கொஞ்ச தூரம்தான், பஸ் ஸ்டாண்டு வந்துடும். பேச வேண்டாம், நீங்க அழுங்க, போதும்..."

டாக்டர் மூச்சை அடக்கிக்கொண்டார். சீப்பின் பல் முடியில் உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு காலடிகள். சுவரைத் தாண்டி ஒரு கார்க் கதவு சாத்துகிற சத்தம். கண்ணாடிகள் எல்லாவற்றிலும் ஒரு சாம்பல் நிறம் வழுக்கிக்கொண்டு போயிற்று.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பஸ் நிலையத்தில் நடந்ததை ரேடியோ பின்னால் வந்து சொன்னான். ஏராளமான கூட்டம். அண்ணி சாதாரண உடையில், பயணி மாதிரி ஒரு பையோடு நின்றார். ரயில்வே கேட் திறந்ததும் சாம்பல் கார் வந்தது. ஆனால் அதை ஓட்டிவந்தவன் கூட்டத்தில் கலந்துவிட்டான். யார் என்று தெரியவில்லை. அண்ணி ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ வாயை மூடினான், அழைப்பு அறுபடும்வரை காத்திருந்தான், மறுபடி வாயைத் திறந்தான். டாக்டரின் காரை நோக்கி நடந்துகொண்டிருந்த ஒருவனின் சட்டைப்பையில் மணி அடித்தது. அவன் அதைக் காதுக்குக் கொண்டுபோவதற்குள் அண்ணி மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். தையல்காரி அவன் மனைவி. அவளை அவன் நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தது. பிடித்துவைக்க அது போதும்.

"நான் வாயைத் திறந்ததால ஒருத்தன் உள்ள போனது இதுதான் முதல் தடவை," என்றான் ரேடியோ. "இதுவரைக்கும் வெளியதான் போயிருக்காங்க."

தையல்காரி கதவைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று. முதலில் டாக்டரின் முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அப்புறம் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். கையில் கத்தரிக்கோல் இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் அவளால் அதைக் கீழே வைக்க முடியவில்லை. விரல்கள் மடங்கியபடியே இறுகிவிட்டன. டாக்டர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.

ரேடியோ கழற்றிக் கொண்டுவந்த அந்தக் கறுப்புப் பெட்டியை டீச்சர் மேஜைமேல் வைத்தார். அதற்கு உயிர் கொடுத்த வயர் அறுபட்டிருப்பதைக் காட்டிவிட்டு, அது என்ன என்று சொன்னார்.

தையல்காரி அதைத் தொடவில்லை. வீடு மாற்றி வீடு மாற்றி ஓடியதாகச் சொன்னாள். எங்கே போனாலும் அவன் வந்து நின்றுவிடுவானாம். புது முகவரி அவளுடைய கூடப்பிறந்த அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அக்காதான் அவனிடம் சொல்லிவிடுகிறாள் என்று நினைத்தாள். வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட்டு உறவை வெட்டிக்கொண்டாள். கடைசியாக இங்கே வந்தபோது அக்காவுக்குச் சொல்லவே இல்லை. வந்த கையோடு காரை விற்றது மனசு கேட்காமல்தான், அது அவன் வாங்கிக் கொடுத்தது என்பதால்.

"நான் முகவரிய கார்ல உக்காந்துதான் அவகிட்ட போன்ல சொல்லுவேன்," என்றாள். "ஒவ்வொரு தடவையும்."

டாக்டரிடம் போனைக் கேட்டாள். எண்ணைப் பார்க்காமலே அழுத்தினாள். மணி அடிக்கும்போது கடையின் மூலைகளை, துணி அடுக்குகளை, தையல் மெஷினின் அடியைப் பார்த்தாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு டீச்சரிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"இங்க பேசலாமா?"

"பேசலாம்," என்றார் டீச்சர்.

"அக்கா," என்றாள் அவள். தெருவுக்குக் கேட்கிற அளவுக்குக் குரல் எழும்பியது. "அக்கா, நான்தான். நீ சொல்லலக்கா. நீ யார்கிட்டயும் சொல்லல."